மேசை மேல் ஒரு கிண்ணம்

சில ஆண்டுகளுக்கு முன், கார்த்திகை மாதத்து மழை இரவு ஒன்றில், பங்கு இல்லத்தில் இரவு உணவுக்கு அமர்ந்திருந்தேன். வெளிநாட்டில் பணிபுரியும் நண்பரான குரு ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது அன்பளிப்பாகத் தந்த திராட்சை இரசம் அரைக் கிண்ணம் தட்டின் அருகே இருந்தது. அவ்வேளையில், மகனின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவி கேட்டு, பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் வந்து நின்றார். அவருடைய பார்வை முதலில் என்மீது விழவில்லை, கிண்ணத்தின்மீதே விழுந்தது.

“சாமி, நீங்களுமா?” என்றார்.

நான் விளக்கத் தொடங்கினேன். இது சாராயமன்று, உணவோடு சிறிதளவு அருந்துவது, என்றோ ஒரு நாள்தான் என்றெல்லாம் கூறினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சாமி சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்க வீட்டுக்காரரும் மொதல்ல கொஞ்சமாத்தான் சாப்பிட்டாரு” என்றார்.

அந்தச் சொல்லுக்கு அன்று என்னிடம் மறுமொழி இல்லை. ஆயினும், அன்பார்ந்த வாசகர்களே, திராட்சை இரசம் சுவைத்து மகிழத்தக்கதொரு நற்கொடை என்பதை நான் மறுக்கப் போவதில்லை. அத்தாயின் கேள்வியையும் மறக்கப் போவதில்லை. இரண்டையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்க்கவே இக்கட்டுரை.

குருமடத்தில் பயின்ற நாள்களில் நான் அறிந்த திராட்சை இரசம் பீடத்துக்குரியது ஒன்றே. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாயும் கெட்டுப் போகாததாயும் இருத்தல் வேண்டும் என்பது 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 924-ஆம் விதி. விதியை மனப்பாடம் செய்திருந்தேனேயன்றி, இரசத்துக்குச் சுவை வேறுபாடு உண்டு என்பதை அறிந்தேனில்லை.

அதை எனக்குக் கற்பித்தவர் ஜெர்மனி நாட்டில், மோசல் ஆற்றங்கரையில், ஒரு முதிய திராட்சை விவசாயி. கோடைக்காலத்தில் அங்கொரு பங்கில் துணைப்பணி ஆற்றச் சென்றிருந்தேன். நாம் சிறு வயதில் எழுதிப் பழகிய சிலேட்டுக் கல் அங்கே மலைச் சரிவெங்கும் சிதறிக் கிடக்கிறது. பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, குளிர்ந்த இரவில் அது கொடிகளுக்கு வெப்பத்தைத் திருப்பித் தருகிறது. அக்கொடிகளில் விளையும் ‘ரீஸ்லிங்’ என்னும் வெண் திராட்சையே அப்பகுதியின் பெருமை.

“இவற்றுள் மிகச் சிறந்த இரசம் எது?” என்று அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு துண்டு ரொட்டியை என் கையில் தந்தார். முதலில் அதை மென்று விழுங்கு. பிறகு ஒரு மிடறு அருந்தி நாவில் சற்றே நிறுத்து. எந்தச் சுவை முந்தி வருகிறது, எது பிந்தி வருகிறது என்று சொல் என்றார். முந்தி வந்தது மாங்காய்ப் பிஞ்சின் புளிப்பு. பிந்தி வந்தது மெல்லிய இனிப்பு. அவ்வாறே சொன்னேன். “இனி உமக்கு வேறு பாடம் தேவையில்லை” என்று என் தோளைத் தட்டினார்.

அவ்வூரார் நாள்தோறும் அருந்துவது விலையுயர்ந்த இரசமன்று. கோடையில் இரசத்தோடு சோடாத் தண்ணீரைக் கலந்து தாகத்துக்குப் பருகுவர். ஆண்டில் சில மாதங்கள் மட்டும் விவசாயிகள் தம் வீட்டு முற்றத்திலேயே மேசையிட்டு, தம் தோட்டத்து இரசத்தையும் எளிய உணவையும் விற்பர். பாட்டியும் பேரனும் அடுத்தடுத்து அமர்ந்திருப்பர். ஒரு கிண்ணம் தீர ஒரு மணி நேரம் ஆகும். குடிக்கும் வேகத்தைவிடப் பேச்சின் வேகமே அங்கே மிகுதி.

சுவை அறிவதற்குப் பெரும் புலமை வேண்டியதில்லை. அறுசுவையைப் பெயர் சொல்லி உண்பவர் தமிழர். வெண்ணிற இரசத்தில் புளிப்பு முந்தும். செந்நிற இரசத்தில் நாவற்பழத்தைப்போல் நாவை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கும். கருந்திராட்சையின் சாறு பெரும்பாலும் நிறமற்றதே. தோலோடு சேர்த்து ஊற வைப்பதால் நிறம் தோலிலிருந்து இறங்குகிறது, தோலும் விதையும் துவர்ப்பைத் தருகின்றன. காரமான குழம்புக்குத் துவர்ப்பு ஒவ்வாது. சற்றே இனிப்புள்ள வெள்ளை இரசம் ஒத்துப்போகும். நம் ஆதனக்கோட்டையில் வறுக்கும் முந்திரிக்குப் புளிப்பானதே இனிய துணை. திறந்த புட்டியைக் குளிர்ப் பெட்டியில் வைத்தாலும் சில நாள்களே தாங்கும், பிறகு காடியாகிவிடும். விலையைக் கொண்டு சுவையை அளப்பதும் வீண்.

‘இஃது அயலார் பழக்கம்’ என்பாரும் உளர். புறநானூற்றின் 56-ஆம் பாடலில், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் பாண்டிய மன்னன் அருந்துவதை நக்கீரர் பாடியுள்ளார். புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945-இல் நிகழ்ந்த அகழ்வில், மத்தியதரைக் கடல் நாடுகளின் இரசச் சாடித் துண்டுகள் வெளிப்பட்டன. நம் மாவட்டத்துக் கறுக்காகுறிச்சியிலேயே 1898-இல் உரோமைப் பொற்காசுகள் 501 கிடைத்தன. ஆக, அந்நாட்டு வணிகத்தின் சுவடு நம் செம்மண்ணிலும் உண்டு. பிற்காலத்தில், 1832-இல், பிரெஞ்சுக் குரு ஒருவர் தமிழகத்துக்குக் கொணர்ந்ததாகக் கூறப்படும் பன்னீர்த் திராட்சை இன்று கம்பம் பள்ளத்தாக்கெங்கும் விளைகிறது. 2023-இல் புவிசார் குறியீடும் பெற்றது. நம் சந்தையில் கிலோக் கணக்கில் வாங்குகிறோமே, அதே கருந்திராட்சைதான்.

ஆனால், பழைமை உண்டு என்பதால் பாதுகாப்பு உண்டு என்று ஆகிவிடாது. நம் ஊர்களில் ‘ஒயின் ஷாப்’ என்று வழங்கும் கடையில் பெரிதும் விற்பது பிராந்தியும் இரம்மும் அல்லவா? திராட்சை இரசத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவே சாராயச் சத்து. பிராந்தியிலோ ஏறத்தாழ 43 பங்கு. இரசமும் தீங்கற்றதன்று. பாதுகாப்பான குடியளவு என்று எதுவும் இல்லை என 2023 சனவரியில் உலக நல அமைப்பு தெளிவாக அறிவித்துள்ளது. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கென வீட்டில் திராட்சையும் சர்க்கரையும் சாடியில் ஊற வைக்கும் குடும்பங்கள் உண்டு. உரிமமின்றி மது தயாரிப்பதை 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் தடுக்கிறது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவது என் கடமை.

மோசல் கரையில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சி எங்கிருந்து வந்தது என்று பின்னர் எண்ணிப் பார்த்தேன். ரொட்டி, உறவு, உரையாடல், அவசரமின்மை ஆகிய இவை நான்கும் இரசத்தைச் சுற்றி இருந்தன. பாதிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து செல்ல எவனால் இயலுமோ, அவனே அதைச் சுவைத்தவன். அத்தாயின் கணவருக்கு அது இயலாமற் போயிற்று. அவருக்கு ஒழுக்கம் இல்லை என்று நான் சொல்லத் துணியேன். குடி அவரைப் பற்றிய நோய். திருச்சபையும் இதை உணர்ந்தே, குடிநோயால் துன்புறும் குருக்கள் ஆயரின் அனுமதியோடு, நொதித்தல் நிறுத்தப்பட்ட ‘முஸ்தும்’ என்னும் திராட்சைச் சாற்றைத் திருப்பலியில் பயன்படுத்த இடமளித்துள்ளது. பலிபீடமே பலவீனருக்காக இவ்வளவு இடம் கொடுக்குமாயின், என் உணவு மேசை கொடுக்கலாகாதா?

அன்றிரவே முடிவு செய்தேன். பங்கு இல்லத்து மேசையில் அதன் பிறகு இரசப் புட்டி இல்லை. எவரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இழந்துவிட்டேன் என்ற வருத்தமும் இல்லை. யார் வேண்டுமானாலும் எந்நேரமும் வந்து நிற்கும் வீடு அது. அங்கே என் உரிமையைவிட, வருகிறவரின் மனநிம்மதி பெரிது.

அத்தாயின் கணவர் சிகிச்சைக்குச் சென்றார். ஒருமுறை சறுக்கினார், மீண்டும் சென்றார். ஈராண்டுக்குப் பின் கிறிஸ்து பிறப்பு நாளன்று மனைவி மக்களோடு பங்கு இல்லத்துக்கு வந்தார். கம்பத்துப் பன்னீர்த் திராட்சையை நானே பிழிந்து, வடிகட்டி, குளிர வைத்திருந்தேன். கிண்ணங்களில் ஊற்றி அனைவருக்கும் கொடுத்தேன். அவர் ஒரே மூச்சில் குடிக்கவில்லை. ஒரு மிடறு அருந்தி, சற்றே நிறுத்தி, என்னைப் பார்த்தார்.

“சாமி, கடைசியில லேசாத் துவர்க்குது. கொட்டையையும் சேத்து நசுக்கிட்டீங்க.”

“உண்மைதான்” என்றேன். மோசல் கரை முதியவர் எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்லலாம் என்று தோன்றியது. அதற்குள் அவர் மனைவி தன் கிண்ணத்தை நீட்டி, “எனக்கு இன்னும் கொஞ்சம் ஊத்துங்க, சாமி” என்றார்.