நான்காம் இடம்

காக்ஸ் டவுனில் நம் வீட்டு மொட்டை மாடியின் துணிக்கொடியில், இரண்டு திங்களாகச் சிவப்பு நாடா ஒன்று தொங்குகின்றது. ஆறு மீட்டர் நீளம். தெருவில் செல்வோர் அண்ணாந்து நோக்கி, "வீட்டில் ஏதேனும் விசேஷமா, ஐயா?" என்று வினவுவதுண்டு. விசேஷம் ஒன்றுமில்லை. அது நம் பேத்தியின் நாடா.

பதினான்கு வயதுடைய அவள் பயின்றது ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் கலை. பதின்மூன்று மீட்டர்ச் சதுரத்தில், ஒன்றரை நிமிடத்திற்கு மேற்படாமல், இசைக்கு ஏற்ப வளையமோ பந்தோ தண்டோ நாடாவோ கொண்டு ஆடுவது. எறிந்த பொருள் கைக்குத் திரும்பி வரவேண்டும். நாடா முடிச்சு விழலாகாது. முதன்முதல் பார்த்தபோது, பரதமும் கழைக்கூத்தும் மணம் முடித்துப் பெற்ற பிள்ளையோ இது என்று எண்ணினோம்.

அண்மையில் ஒரு போட்டியில் அவள் நான்காவதாக வந்தாள். மூவர்க்குப் பதக்கம், நான்காமவளுக்குக் கைதட்டல். வீடு திரும்பியதும் நாடாவைக் கொடியில் போட்டு, "இனிப் போகமாட்டேன், தாத்தா" என்றாள். நம் மகனுக்கோ கோபம். நான்காண்டுப் பயிற்சிக் கட்டணம், ஆட்டோ கூலி, விடுமுறை எடுத்த நாட்கள் என யாவற்றையும் கணக்கிட்டுக் காட்டினான். இறுதியில் இருவரும் நம்மிடமே தீர்ப்புக் கேட்டு வந்தனர்.

நான்காம் இடம் என்றதும் நமக்கு நினைவில் எழுந்தது 2016 ஆகஸ்டு 14ஆம் நாள் இரவு. மறுநாள் சுதந்திர தினம். ரியோ ஒலிம்பிக்கில் திரிபுரா மங்கை தீபா கர்மாகர் தாண்டுமேடை இறுதிப் போட்டியில் இறங்குவதைக் காண வீட்டார் அனைவரும் தொலைக்காட்சி முன் விழித்திருந்தோம். பேத்தி அப்போது மடியிலேயே உறங்கும் சிறு குழந்தை. தீபாவோ தட்டைப் பாதங்களுடன் பிறந்தவர். அத்தகைய பாதம் இக்கலைக்கு ஆகாது என்பர். அகர்தலாவில் பிஷ்வேஷ்வர் நந்தி என்னும் ஆசானிடம் பயின்று, அக்குறையோடு போராடி, புரோடுனோவா என்னும் அரிய தாண்டலைக் கைவரப் பெற்றார். மேடையில் கையூன்றி எழும்பி, வானில் இருமுறை முன்புறமாகக் கரணமடித்துக் காலூன்ற வேண்டும். சற்றுப் பிசகினால் கழுத்துக்கே கேடு. 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் அதனாலேயே வெண்கலம் வென்றார். ரியோவில் அவர் காலூன்றியபோது தரையில் அமர்ந்தே விட்டாரோ என்று நாம் மூச்சடக்கினோம்; எழுந்து நின்றார். மதிப்பெண் 15.066. வெண்கலம் பெற்ற சுவிட்சர்லாந்து வீராங்கனைக்கு 15.216.

அதே ரியோவில், ஆறு நாள் கழித்து, கொரியாவின் சோன் யோன்ஜேயும் நான்காவதாக நின்றார். நம் பேத்தி ஆடும் அதே நாடா ஆட்டம் அவருடையது. சியோலில் பிறந்தவர் என்றாலும், பயிற்சியின் பெரும்பகுதி மாஸ்கோவை அடுத்த நோவோகோர்ஸ்கில். பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு, மொழி தெரியாத இடத்தில் தனித்து வாழும் சிறுமியின் நிலையை ஒருவர் விளக்க வேண்டுவதில்லை. 2012 இலண்டன் ஒலிம்பிக்கில் ஐந்தாம் இடம்; 2014இல் இஞ்சியோன் ஆசியப் போட்டியில் தங்கம்; ரியோவில் வெண்கலத்திற்கு ஒரு மதிப்பெண்ணுக்கும் குறைவான தொலைவு. 2017 பிப்ரவரியில், இருபத்திரண்டு வயதில், ஓய்வு அறிவித்தார்.

தீபா அப்போது ஓயவில்லை. முழங்காலில் அறுவை, பின் 2018இல் துருக்கியின் மெர்சினில் தங்கம், பிறகு தடை செய்யப்பட்ட மருந்துப் பொருள் ஒன்றின் காரணமாக 21 மாதம் விலக்கம். அதையும் கடந்து 2024 மே மாதம் தாஷ்கண்டில் ஆசியத் தங்கம் வென்றார். இந்தியர் எவரும் அதற்குமுன் அங்குத் தங்கம் பெற்றதில்லை. அதே ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள், முப்பத்தொரு வயதில், தாமே விடைபெற்றார்.

ஒருவர் இருபத்திரண்டில், ஒருவர் முப்பத்தொன்றில். எப்போது நிறுத்துவது என்பதை இருவரும் தாமே முடிவு செய்தனர். இவ்விடத்தில்தான் நம் நெஞ்சு குறுகுறுக்கின்றது.

1984இல் லாஸ் ஏஞ்சலஸில் பி. டி. உஷா நூற்றில் ஒரு நொடியில் வெண்கலம் இழந்து நான்காவதாக வந்தபோது, நம் மூத்த மகள் பன்னிரண்டு வயதினள். உஷாவின் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டிப் பள்ளிப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்தாள். தானும் ஓடினாள், நன்றாகவே ஓடினாள். மறு ஆண்டு அவள் பெரியவளானாள். சடங்குக்கு வட ஆர்க்காட்டிலிருந்து வந்த நம் அத்தை, "இனியும் அரைக்கால் சட்டையோடு மைதானத்திலா?" என்று ஒரு சொல் சொன்னார். நாம் மறுத்தொரு சொல் சொல்லவில்லை. மகளும் ஏன் என்று கேட்கவில்லை. 1986இல் சியோல் நகரில் உஷா நான்கு தங்கம் வென்ற செய்தி வந்த நாளில், மகளின் ஓட்டக் காலணிகள் நம் வீட்டுப் பரணில் கிடந்தன. அவள் அன்று செய்தித்தாளைப் பிரிக்கவே இல்லை. நாம் அதைக் கண்டும் காணாதார்போல் இருந்தோம்.

ஆதலின் மகனிடம் கூறினோம்: "கட்டணக் கணக்கை மூடி வை. போ என்றும் சொல்லாதே, நில் என்றும் சொல்லாதே." பேத்தியிடம் உஷாவின் கதையைக் கூறினோம், தீபாவின் கதையையும், சோன் யோன்ஜேயின் கதையையும் கூறினோம். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தை எந்த வயதில் நிறுத்தினார்கள், தாத்தா?" என்றாள்.

சொன்னோம். யார் நிறுத்தியது என்பதையும் சொன்னோம்.

சென்ற ஞாயிறு மழை வரும்போல் இருந்தது. துணிகளை எடுக்க மாடி ஏறியபோது, பேத்தி நமக்கு முன்பே அங்கு நின்றாள். நாடாவை எடுத்து, முடிச்சு விழாமல் சுருட்டினாள். பையில் வைப்பாளோ, பரணில் போடுவாளோ என்று நாம் கேட்கவில்லை.