அப்பாவின் கையெழுத்தில் ஓர் அத்தியாயம்

என் பெயர் நிலா. அப்பா ரசனையாகப் பெயர் வைத்திருக்கிறார் என்று பலரும் சொல்வார்கள். உண்மையில் அது, எண்பதுகளில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய ‘என் இனிய இயந்திரா’ தொடரின் நாயகி பெயர். 2020-களில் நடக்கும் கதை. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சியில் யாருக்கும் இரண்டெழுத்துக்கு மேல் பெயர் இருக்கக் கூடாது. நான் பிறந்தபோது ‘முத்துலட்சுமி’ என்று வைக்கச் சொன்னாராம் அப்பத்தா. “அவ பெரியவளாகுறப்ப இவ்வளவு நீளப் பேருக்கு அனுமதி கிடைக்காதும்மா” என்றாராம் அப்பா. அம்மா இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

எங்கள் வீட்டில் வந்து ஒட்டிக்கொண்ட தெருநாய்க்கு ஜீனோ என்று பெயர். கதையில் வரும் ஜீனோ இயந்திர நாய். பேசும், புத்தகம் படிக்கும். எங்கள் ஜீனோ தயிர்சாதம் மட்டும் சாப்பிடும்.

அப்பா அருப்புக்கோட்டை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மெக்கானிக். அறிவியல் கதைப் பைத்தியம் அவருக்குப் பதினைந்து வயதில் பிடித்தது. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வந்தது: ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துபோவார். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதைப் படித்துவிட்டு வீட்டு ப்ளக்கில் விரல் வைக்கப் போன பையன்களில் அப்பாவும் ஒருவர். “ஷாக் அடிச்சதுதான் மிச்சம். ஆனா கரன்ட்னா என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு அன்னிக்குத்தான் தோணுச்சு” என்பார். ஐ.டி.ஐ. படித்ததற்கும், டெலிபோன் வேலைக்குப் போனதற்கும் மாயாவிதான் காரணம் என்று நம்பினார்.

அந்தக் காலத்து ரசிகர்களுக்கு எதுவும் சுலபமாகக் கிடைத்துவிடாது. தொடர்கதை முடியும்வரை வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்க்க வேண்டும். பின்னை எடுத்துவிட்டு, சாக்கு ஊசியால் தைத்து, அம்மா காய்ச்சித் தரும் மைதா பசையால் அட்டை ஒட்டுவார் அப்பா. நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனால் சலூன், டீக்கடை, தெரிந்தவர் வீடு என்று தேடி அலைவார். அங்கேயும் கிடைக்காவிட்டால், வேறு ஊர்களில் இருக்கும் தன்னைப் போன்ற ரசிகர்களுக்கு போஸ்ட் கார்டு போடுவார். அப்படி ஏழெட்டுப் பேர். பலரை அவர் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் யாரிடம் எந்த மாயாவி இதழ் இல்லை என்பது வரை தெரியும்.

சொந்தக்காரர்கள் கிண்டல் செய்வார்கள். “இதெல்லாம் நடக்குமா மாப்ளே?” அப்பாவின் பதில் எப்போதும் ஒன்றுதான். “நடக்குமான்னு கேக்காதீங்க மச்சான். நடந்தா யாருக்கு என்ன ஆகும்னு கேளுங்க.”

அந்தக் கேள்வி அவருக்குச் சோறும் போட்டது. பழைய ஸ்ட்ரோஜர் எக்ஸ்சேஞ்சை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்ச் வைக்கப்போகிறார்கள் என்றதும், வேலை போய்விடும் என்று உடன் இருந்தவர்கள் பயந்தார்கள். அப்பா பயிற்சிக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். “பத்து வருஷமா கதையில பார்த்துட்டேன். மெஷின் வரத்தான் செய்யும். அதுகூடப் பேசத் தெரிஞ்சவன் பொழைச்சுக்குவான்” என்றாராம்.

2008-ம் வருடம் அவருக்கு மோசமான வருடம். பிப்ரவரி 27-ம் தேதி சுஜாதா காலமானார். சரியாக 21 நாள் கழித்து, மார்ச் 19-ம் தேதி, இலங்கையில் ஆர்தர் சி. கிளார்க். பூமியிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்களை நிறுத்தி உலகம் முழுக்கத் தகவல் அனுப்பலாம் என்று 1945-லேயே எழுதியவர். 1956-ல் இலங்கைக்குக் குடிவந்து அங்கேயே வாழ்ந்து முடித்தவர். “நாங்க பார்க்கிற வேலைக்கு மேல ஆகாசத்துல ரோடு போட்ட மனுஷன், இந்தா, கடலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்” என்றார் அப்பா. அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

2023 ஐப்பசியில் அப்பா போய்விட்டார். 66 வயது. ஆஸ்பத்திரியில் 19 நாள். செலவுக்கு வாங்கிய கடன் நின்றது.

பதினாறாம் நாள் காரியத்தன்று, ராஜபாளையத்திலிருந்து ஒரு பெரியவர் பஸ்ஸில் வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியர். மஞ்சள் பையிலிருந்து பைண்டு செய்த ‘என் இனிய இயந்திரா’வை எடுத்து என்னிடம் விரித்துக் காட்டினார். அச்சுப் பக்கங்களுக்கு நடுவில், ரூல் போட்ட தாளில், ஒரு அத்தியாயம் முழுக்க அப்பாவின் குண்டு குண்டான கையெழுத்து.

“எனக்கு ஒரு வாரம் விட்டுப்போச்சும்மா. உங்கப்பாவுக்கு கார்டு போட்டேன். புத்தகத்தைப் பிரிச்சா தையல் போயிடும்னு, மொத்தத்தையும் கையால எழுதி அனுப்பிட்டார். படம் இருந்த இடத்துல படம்கூட வரைஞ்சிருக்கார் பாருங்க.”

மூக்கு கோணலாக ஒரு பெண். நிலா.

அவர் அப்பாவின் டிரங்குப் பெட்டியைப் பார்க்கக் கேட்டார். பழைய இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து, சேகரிப்பவர்களிடம் அது இன்று என்ன விலைக்குப் போகும் என்று ஒரு தாளில் எழுதினார். “நான் வாங்க வரலை. விவரம் தெரியாம எடைக்குப் போட்டுடக் கூடாது. யாரும் உங்களை ஏமாத்திடவும் கூடாது. அதான்.” ஒரு வாய் காபி குடித்துவிட்டு சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

தாளைப் பார்த்த அம்மா, “இவ்வளவா! இதுக்குத்தான் நான் நாப்பது வருஷமா பாச்சை உருண்டை போட்டேனா?” என்றார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏற்கெனவே இருக்கும் இதழே பழைய புத்தகக் கடையில் நல்ல நிலையில் கிடைத்தால், அதையும் வாங்கி வைப்பார். அந்தக் கசங்காத பிரதிகளை விற்றோம். ஆஸ்பத்திரிக் கடனில் பாதிக்கு மேல் அடைந்தது. சேகரிப்பவர்களுக்கு வேண்டியது முனை மடங்காத பிரதிகள். எங்களுக்கு வேண்டியது அப்பா படித்துப் படித்து முனை மடங்கியவை, சோற்றுக் கறை பட்டவை, “அடுத்தது எப்போ?” என்று கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கிறுக்கியவை. அவை பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன.

இப்போது என் ஒன்பது வயதுப் பையன் அவற்றை எழுத்துக்கூட்டிப் படிக்கிறான். போன வாரம் கேட்டான்: “அம்மா, மாயாவி ரோட்டுல போறப்ப மறைஞ்சிருப்பார்ல? பஸ் டிரைவருக்கு அவர் தெரியமாட்டாரே, என்ன ஆகும்?”

‘இதெல்லாம் நடக்குமா?’ என்று அவன் கேட்கவில்லை. உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: “அப்படியே தாத்தா!”