பத்மினியின் முள்

மீட்டர் ஓடாத காரை ஓட்டுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். எஞ்சின் சத்தமே வேகத்தைச் சொல்லிவிடும் என்பார்கள். எழுபத்து நான்கு வயதில் என் காது ஒரு கணக்குச் சொல்கிறது, கால் வேறு கணக்குச் சொல்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முள்தான் எனக்கு நடுவர். நான் இனி கார் ஓட்டக் கூடாது என்று மகள் சொல்லிக்கொண்டிருக்கும் காலத்தில், எனக்கிருந்த ஒரே சாட்சியும் அதுதான்.

வண்டி 1986ஆம் வருஷத்து பிரீமியர் பத்மினி. போன மாதம் முள் நடுங்க ஆரம்பித்தது, டேஷ்போர்டுக்குள் கிர்ரென்று சத்தம், பிறகு பூஜ்யத்தில் படுத்துவிட்டது. கிலோமீட்டர் எண்களும் கூடவே நின்றன. இரண்டும் சேர்ந்து நின்றால் பெரும்பாலும் கேபிள்தான். முள் மட்டும் நின்றால் மீட்டரைச் சந்தேகிக்க வேண்டும்.

கியர் பாக்ஸின் பின்பக்கத்தில் உள்ள சின்னப் பல்சக்கரம் கேபிளைச் சுழற்றும். கேபிள் மீட்டருக்குள் இருக்கும் காந்தத்தைச் சுழற்றும். அந்தக் காந்தம் முள்ளைத் தொடுவதே இல்லை! அதைச் சுற்றியுள்ள அலுமினியக் கிண்ணத்தில் மின்னோட்டம் பிறந்து, கிண்ணத்தைத் தன்னோடு இழுக்கப் பார்க்கும். மெல்லிய சுருள்வில் ஒன்று அதைத் தடுத்துப் பிடிக்கும். இந்த இழுபறியில் முள் நிற்கும் இடமே வேகம். பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சில் இதை 'கூரான் த ஃபூக்கோ' என்று படித்தோம். பூமி சுற்றுவதை ஊசல் கட்டிக் காட்டினாரே, அதே ஃபூக்கோ.

மெக்கானிக் பழைய ஆள், என்னை இன்னும் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் வேலை பழகும் பையனுக்கோ அவசரம். பழைய கேபிளை உருவப் போனவனை நிறுத்தி, முதலில் அதன் நுனியில் சணலைக் கட்டச் சொன்னேன். கேபிள் வெளியே வந்ததும் சணல் அதன் வழியில் நின்றது. புதியதை அந்தச் சணலிலேயே கட்டி இழுத்தோம். வழி மாறினால் சைலன்சர் குழாய்ச் சூட்டில் உறை உருகும், அல்லது பெடலில் போய் மாட்டும். வளைவு எங்கும் சாப்பாட்டுத் தட்டின் விளிம்பைவிடக் குறுகக் கூடாது. குறுகினால் முள் மறுபடி ஆடும். உள்கம்பிக்குக் கிரீஸ் கொஞ்சமாகத்தான் தடவ வேண்டும். மீட்டர் பக்கம் ஒரு சாண் அளவு விட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கிரீஸ் ஏறி மீட்டரையே கெடுக்கும். சதுர நுனி தானாகக் குழியில் இறங்கும்வரை விரலால் திருப்பிக்கொண்டே இருக்கலாம். அதற்கு முன் நட்டை முறுக்கினால் நுனி மழுங்கிவிடும். பையன் பிளையரை எடுத்தான். "கையாலே போதும்டா" என்றார் மெக்கானிக்.

மகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் காலாப்பட்டு வரை போய் வந்தேன். முள் நாற்பதில் ஆடாமல் நின்றது. அவள் சாலையை விட்டு முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள். "இருட்டின பிறகு மட்டும் எடுக்காதீங்கப்பா" என்றாள். ஒப்புக்கொண்டேன்.

வண்டியின் பதிவைப் புதுப்பிக்கும் வேலை அடுத்து இருக்கிறது. மீட்டர் நின்றிருந்த நாள்களில் ஓடியது சுமார் அறுபது கிலோமீட்டர். பெட்ரோல் ரசீதுகளைப் பார்த்துக் கணக்கிட்டு, வண்டி நோட்டில் சிவப்பு மையில் தனி வரியாக எழுதி வைத்திருக்கிறேன்.