பச்சை லோரிக்குள் ஒரு வீடு

குளுவாங் பக்கம் வளர்ந்தவர்களுக்குப் பச்சை லோரிகள் அந்நியமில்லை. ஊரிலேயே மஹ்கோத்தா இராணுவ முகாம் இருக்கிறது. இசட் எழுத்தில் தொடங்கும் எண் பலகை, பின்னால் கான்வாஸ் கூரை, அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் இளம் முகங்கள். சின்ன வயதில் நாங்கள் கை காட்டுவோம். அவர்களும் சிரித்துக்கொண்டே கை காட்டுவார்கள்.

அந்த லோரிகளுக்கு வயதாகிவிட்டால், அரசாங்கச் சொத்தைக் கழிக்கும் முறைப்படி ஏலத்துக்கோ டெண்டருக்கோ வரும். பல லோரிகளின் கதை பழைய இரும்புக் கடையில் முடிந்துவிடும். பட்டறை வைத்திருக்கும் என் தம்பி அப்படி ஒன்றை எடுத்து, படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி, நடமாடும் வீடாக மாற்றப் போகிறேன் என்று ஒரு வருடமாகச் சொல்கிறான். அவன் கையில் இருப்பதோ வீட்டு முன்பணத்துக்காகச் சேர்த்த காசு. எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இப்போது இதுதான் பேச்சு.

இராணுவ லோரிக்கு இரண்டாம் வாழ்க்கை கொடுப்பது இந்த நாட்டில் புதுசும் இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மலாயாவில் மிஞ்சிய ஃபோர்டு, செவர்லே, ஜிஎம்சி, ஆஸ்டின் லோரிகளை மரம் வெட்டும் முதலாளிகள் வாங்கினார்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டிகள் அவை, சேற்றுக்கு அஞ்சாதவை. கேபினைப் பிரித்துவிட்டுப் பலகையில் கூரை போட்டார்கள். மரக்கட்டையை இழுத்து ஏற்ற வின்ச் வைத்தார்கள். சீனர்கள் அதற்கு 'சான் தாய் வோங்' என்று பெயர் வைத்தார்கள். மலை ராஜா என்று அர்த்தம். மலாய்க்காரர்களுக்கு அது 'லோரி ஹந்து', பேய் லோரி. போருக்காகக் கட்டிய வண்டி பல பத்தாண்டுகள் காட்டில் உழைத்தது. அதில் மரம் ஏறியது, ஆள் ஏறினான். கட்டில் போடத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

கட்டில் வைத்த லோரியும் ஜொகூருக்கு வந்தது, ஆனால் வேறு வழியில். இன்றைய மாமன்னர் சுல்தான் இப்ராஹிம் அவர்களுக்காக ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தயாரித்த மேக் சூப்பர்லைனர் 2015-இல் செய்திகளில் அடிபட்டது நினைவிருக்கலாம். 685 குதிரைத் திறன், உள்ளே படுக்கை, சமையல் வசதி, தொலைக்காட்சிகள். தம்பி அந்தப் படங்களைக் கைப்பேசியில் இன்னும் வைத்திருக்கிறான். பார்க்கத்தான்!

இராணுவ லோரியை வீடாக்குவதில் முன்னோடிகள் ஜெர்மானியர்கள். அங்கே இராணுவம் கழித்த வண்டிகளை அரசு நிறுவனமே பொதுமக்களுக்கு விற்கிறது. அதில் எனக்குப் பிடித்தது, லோரி மேல் உட்காரும் தகவல் தொடர்புப் பெட்டி. வானொலிக் கருவிகளுக்காகக் கட்டியது. சுவருக்குள் வெப்பம் தடுக்கும் அடுக்கு உண்டு. கருவிகளைக் கழற்றிவிட்டுக் கட்டிலைப் போட்டால் பாதி வீடு தயார். எட்டு மணி நேரம் ஒலிப்பதிவு அறைக்குள் உட்கார்ந்திருக்கும் எனக்கு, அதில் தூங்குவது அலுவலகத்தில் தூங்குவது மாதிரி இருக்கும்.

பெட்டியை லோரியில் பொருத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் மேட்டில் ஏற, இன்னொன்று பள்ளத்தில் இறங்க, இந்த லோரிகளின் சட்டம் முறுக்கிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழிவது போல. வீட்டை அந்தச் சட்டத்தில் நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கினால் சுவர் விரிசல் விடும், கதவு மூடாது. அதனால் மூன்றே இடத்தில் தாங்கல் கொடுத்து, ஒரு முனையை அச்சில் அசையும்படி விடுகிறார்கள். நாலு கால் நாற்காலி மேடு பள்ளத்தில் ஆடும், முக்காலி ஆடாது. அதே கணக்குத்தான்.

ஜெர்மன்காரர் குளிரைச் சமாளிக்கிறார். நமக்கோ வெயில். மதியம் நிறுத்திய இரும்புப் பெட்டிக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பாருங்கள், புரியும். கூரைக்கு மேல் இன்னொரு நிழல் கூரை, எதிரெதிரே சன்னல், மேலே காற்று உறிஞ்சும் விசிறி ஆகியவை கட்டிலுக்கு முன்னால் வரவேண்டியவை. டீசல் கணக்கும் இருக்கிறது. 100 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், பழைய 2.15 ரிங்கிட் விலையில் சுமார் 54 ரிங்கிட். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் விலை 3.35 ஆனபோது அதே தூரம் 84 ரிங்கிட் ஆனது. மெர்சிங் கடற்கரைக்குப் போக மைவியே போதும் என்பது என் கட்சி. கஹாங்கிலிருந்து எண்டாவ் ரொம்பின் காட்டு வாசலான கம்போங் பெத்தா வரை, 50 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் மண் பாதைக்கு மைவி போகுமா என்று தம்பி திருப்பிக் கேட்கிறான். போகாதுதான்.

சட்டமும் இருக்கிறது. 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம், 1959 வாகனக் கட்டுமான விதிகள் இரண்டையும் தாண்டி எதுவும் நடக்காது. கட்டி முடித்துவிட்டு ஜேபிஜே வாசலில் போய் நிற்பதைவிட, வரைபடத்தோடு முதலில் போவதே நல்லது. வெறும் வண்டியின் எடை 3,500 கிலோவைத் தாண்டினால் டி உரிமம் செல்லாது. இ வகை வேண்டும். தம்பி அதை எடுத்துவிட்டான். நான் எடுப்பதாக இல்லை.

இவ்வளவு பேச்சிலும் வாயே திறக்காதவர் அப்பா. எங்கள் தாத்தா வேலை செய்த தோட்டம் கைமாறியபோது, லயத்திலிருந்து கட்டிலும் அம்மிக்கல்லும் சாமி படமும் லோரியில் ஏறின. அப்பாவுக்கு அப்போது பதினொரு வயது. "வீட்ட லோரியில ஏத்துனத ஒரு தடவ பாத்தாச்சு. சுகமா இல்ல" என்று மட்டும் ஒரு நாள் சொன்னார். தம்பி பதில் சொல்லவில்லை.

போன மாதம் பட்டறைத் தரையில் சாக்பீஸால் பெட்டியின் அளவை வரைந்தான். நீளம் நாலரை மீட்டர், அகலம் இரண்டே கால். அப்பா வந்தார், கோட்டுக்குள் நின்றார், நாலு அடி வைத்து அளந்தார்.

"எங்க லயத்து ரூமும் இவ்வளவுதான்டா இருக்கும். அதுல ஏழு பேரு."

பிறகு சாக்பீஸை வாங்கி, பின்பக்கம் இருந்த கதவைக் காலால் அழித்துவிட்டுப் பக்கவாட்டில் வரைந்தார். மழை பெய்தால் பின்னால் சேறு அடிக்கும், அம்மா எப்படி ஏறுவாள் என்று கேட்டார். ஏலத் தேதி இன்னும் வரவில்லை.