"அதுக்குப் பூட்டு இருக்கா?"

"மிஸ், இப்ப எழுதினீங்களே, இத எங்க வைப்பீங்க?"

பண்டாரவளைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், லயத்து வாசலில் அமர்ந்திருந்தபோது ஓர் அக்கா இப்படிக் கேட்டார். 1977 கலவரத்தின் பின் பெற்றோரோடு வன்னிக்குச் சென்றவர். 2009இல் கணவரைத் தொலைத்துவிட்டு, முகாமிலிருந்து பிள்ளைகளோடு உறவினரிடம் திரும்பி வந்தவர். அவர் சொன்னவற்றை நான் கொப்பியில் குறித்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக் கணனியில பதிஞ்சு வைப்பேன் அக்கா" என்றேன்.

"அதுக்குப் பூட்டு இருக்கா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பழையதாக வாங்கிய அந்தக் கணனி வீட்டின் முன்னறையில் இருக்கிறது. என் சகோதரியின் மகன் அதில் விளையாடுவான். பக்கத்து வீட்டுப் பிள்ளை வேலைக்கு விண்ணப்பம் எழுதுவாள். அதே கணனியில்தான் பல பெண்களின் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், அவர்களுக்கு நேர்ந்தவை எல்லாம் இருந்தன. சமூகவியல் படித்த காலத்தில் 'இரகசியம் காத்தல்' என்பதைப் பரீட்சைக்காக மனனம் செய்தவள் நான். அதன் பொருளை அந்த லயத்து வாசலில்தான் விளங்கிக்கொண்டேன்.

பெயர்ப்பட்டியல் தவறான கைகளுக்குப் போனால் என்ன நடக்கும் என்பது எமக்குப் புதிதல்ல. 1983 ஜூலையில் கொழும்பில் கும்பல்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடி வந்தன. ஜூலை 27இல் பதுளையும் எரிந்தது. அதைச் சொல்லும்போது என் அம்மாவின் குரல் இன்றும் தாழ்ந்துவிடும்.

நகரில் கணனி திருத்தும் தம்பி ஒருவரிடம் விசாரித்தேன். "பயர்வோல் வேலை செய்யுதான்னு பாத்தீங்களா மிஸ்?" என்றார். தமிழில் அதைத் தீச்சுவர் என்பார்கள். லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்கத் தேவையில்லை. பல லயங்களில் அறைகளுக்கு இடையிலான சுவர் கூரைவரை உயர்வதில்லை. ஓர் அறையில் தீப்பிடித்தால் வரிசை முழுவதும் எரிந்துவிடும். சுவர் முழுதாக எழுந்திருந்தால் தீ அடுத்த அறைக்குத் தாவாது.

இணையத்தில் தொடுக்கப்பட்ட கணனிகளும் ஒரே கூரையின் கீழுள்ள லயம் போன்றவைதான். 2003 ஆகஸ்டில் 'பிளாஸ்டர்' என்ற புழு, எவரும் எந்தக் கோப்பையும் திறக்காமலே கணனிக்குக் கணனி தாவியது. 2017 மே மாதத்தில் 'வொன்னாக்ரை' அவ்வாறே பரவி, பிரித்தானியாவில் மருத்துவமனைகளின் வேலையையும் முடக்கியது. நாம் கேட்டு வரவழைக்கும் தகவலைத் தீச்சுவர் உள்ளே விடும். கேளாமல் வந்து கதவைத் தட்டுவதைத் தடுக்கும்.

எதைத் தெரிவு செய்வது? என் முன் மூன்று வழிகள் இருந்தன. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள், யாரோ உடைத்து இலவசமாகத் தரும் பிரதி, விண்டோஸுடன் கூடவே வருவது. உடைத்த பிரதியை உடனே ஒதுக்கினேன். அது திருடனிடமே பூட்டு வாங்குவது போன்றது. விலைக்கு வாங்குவதில் வசதிகள் அதிகம். ஆனால் அவற்றில் சில அடிக்கடி அனுமதி கேட்கும். எங்கள் வீட்டில் எவரும் வாசிக்காமலே 'ஆம்' என்று அழுத்திவிடுவார்கள். விண்டோஸில் 2004ஆம் ஆண்டு முதல் தீச்சுவர் தானாகவே இயங்கும்படி வருகிறது. வீட்டுப் பாவனைக்கு அது போதும் என்று முடிவு செய்தேன். இரண்டைச் சேர்த்து இயக்கினால் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும் என்றும் தம்பி சொன்னார்.

வீட்டுக்கு வந்து திறந்து பார்த்தால், அது நிறுத்தப்பட்டிருந்தது! ஏதோ விளையாட்டு ஓடவில்லை என்று மகன் நிறுத்தியிருக்கிறான். எத்தனை மாதங்களாக அப்படி இருந்ததோ, அவனுக்கே நினைவில்லை. அவனைக் கோபித்துப் பயனில்லை. பிழை என்னுடையது.

அன்றே தீச்சுவரை இயக்கினேன். அமைப்புகளை மாற்ற முடியாத தனிக் கணக்கு ஒன்றை மகனுக்குக் கொடுத்தேன். ரவுட்டர் வந்தபோது இருந்த கடவுச்சொல்லை மாற்றினேன். விண்டோஸின் புதுப்பித்தல்களைத் தள்ளிப்போடுவதை நிறுத்தினேன். வொன்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே வெளியாகியிருந்தது. அதைப் போடாதவர்களே பெரிதும் பாதிக்கப்பட்டார்கள்.

ஆனால் சகோதரிகளே, தீச்சுவர் எல்லாவற்றையும் காக்காது. நாமே செருகும் பென்ட்ரைவையோ, நாமே திறக்கும் மின்னஞ்சல் இணைப்பையோ அது எப்போதும் தடுக்காது. கணனியைத் தூக்கிச் செல்பவரை எந்தச் சுவரும் மறிக்காது. ஆகவே பெண்களின் பெயர்களைக் கணனியிலிருந்து அகற்றி, இலக்கங்களை மட்டும் இட்டேன். எந்த இலக்கம் யாருடையது என்பது ஒரு கொப்பியில், பூட்டிய அலுமாரியில் இருக்கிறது.

அடுத்த முறை போனபோது அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "அப்ப மிச்சத்தையும் சொல்றேன் மிஸ், எழுதிக்கங்க" என்றார். முதல் நாள் அவர் பாதியைத்தான் சொல்லியிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எம் பெண்களிடம் விபரம் கேட்டு எத்தனையோ பேர் வந்து போகிறார்கள். தனிநபர் விபரங்களைப் பாதுகாப்பதற்கென 2022இல் எமது நாட்டில் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. அடுத்த முறை எவரேனும் கொப்பியோடு உங்கள் வாசலில் அமர்ந்தால், அந்த அக்கா கேட்டதை நீங்களும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. பதில் சொல்வது எங்கள் கடமை.