அப்பாவின் அரிப்பு

ராயக்கோட்டை
புரட்டாசி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அப்பாவின் அரிப்பைப் பற்றி நீ போனில் கேட்கும்போதெல்லாம் அவர் “பரவாயில்லடா” என்று சொல்லிவிட்டு போனை அம்மா கையில் திணித்துவிடுகிறார். அம்மா பேச ஆரம்பித்ததுமே அழுதுவிடுகிறாள். உனக்கு என்னதான் புரியும்? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். காரணம் தெரிந்துவிட்டது. கடிதம் கொஞ்சம் நீளும். உனக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது, முழுசாகப் படி.

பொங்கலுக்கு நீ வந்தபோது அவர் பிடரியில் லேசாகக் கறுப்புத் தட்டியிருந்தது, அவ்வளவுதான். சித்திரையில் கோடை மழை விழுந்ததும் பிடித்துக்கொண்டது. கண் இமை இரண்டும் வீங்கி, காலையில் தண்ணீர் தொட்டுத் தொட்டுத்தான் திறக்க வேண்டியிருந்தது. நெற்றித் தோல் தடித்து மடிப்பு மடிப்பாக நின்றது. பிடரி வெடித்து நீர் கசிந்தது. முழங்கை மடிப்பிலும் புறங்கையிலும் செதில். ராத்திரி முழுக்கச் சொரிவார். விடிந்து பார்த்தால் தலையணை உறையில் ரத்தப் பொட்டு.

பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அம்மா கத்திரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தினாள். சித்தப்பா ஒகேனக்கல் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். பக்கத்து வீட்டில் நாக தோஷம் என்றார்கள். அதற்கும் ஒரு பரிகாரம் நடந்தது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டாயிற்று. குப்பைமேனிச் சாறு பட்டதும் புண் எரிந்து, மனிதர் அன்று சாப்பிடவே இல்லை. மருந்துக் கடையில் கொடுத்த க்ரீமில் நாலு நாள் அடங்கியது, விட்டதும் முன்னைவிட மோசமாக வந்தது. அது ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாடிக் எல்லாம் ஒன்றாகக் கலந்த க்ரீம். எந்த வியாதிக்குப் போட்டாலும் முதலில் அரிப்பு அடங்கும். இன்ன வியாதி என்று டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டிய அடையாளத்தையும் அதுவே கலைத்துவிடும். சீட்டில்லாமல் இதை நீட்டும் கடைக்காரர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

காரணம் சொன்னவர்களில் ஒருவர்கூட அப்பாவின் முதுகைப் பார்க்கவில்லை. ஒருநாள் சட்டையைக் கழற்றச் சொல்லிப் பார்த்தேன். பனியன் மூடியிருந்த இடத்தில் ஒரு பொட்டு இல்லை. வேட்டி கட்டும் இடமும் சுத்தம். தண்ணீர் என்றால் குளிக்கும்போது முதுகிலும்தானே படுகிறது? சாப்பாடு என்றால் அது சட்டைக்கு வெளியே மட்டும் தேடிப் போய் வருமா? சொறி சிரங்காக இருக்குமோ என்று எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. ஆனால் அது விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று மறைவான இடங்களில் அரிக்கும், ஒருவரோடு நிற்காது. என் சின்னவன் தினமும் தாத்தாவைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறான், அவனுக்கு ஒன்றும் இல்லை.

இன்னொன்று. வைகாசியில் கல்யாணத்துக்குச் சென்னை போனோமே, அங்கே ஒரு வாரம் போல இருந்ததில் முகம் பாதி தெளிந்துவிட்டது. அப்பா கடல் காற்று என்றார், அம்மா கத்திரிக்காயை விட்டதன் பலன் என்றாள். ஊர் திரும்பி இரண்டே நாளில் இமை மறுபடி வீங்கியது. அப்போதே எனக்குப் பட்டது, இது அப்பாவின் உடம்புக்குள்ளே இருக்கும் கோளாறு மட்டும் அல்ல, இந்த ஊரில், இந்த வீட்டைச் சுற்றி ஏதோ இருக்கிறது என்று.

முதலில் பார்த்த டாக்டர் வெயில் அலர்ஜி என்றார். நியாயமான சந்தேகம்தான், வெயில் படும் இடத்தில்தானே வந்திருக்கிறது. ஆடியில் பெங்களூருக்கு அழைத்துப் போனோம். அங்கே இருந்த தோல் டாக்டர் வயதான அம்மாள். அப்பாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து, காதை மடித்துப் பின்னால் பார்த்தார். தாடையைத் தூக்கிக் கீழே பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி இமையைத் தடவினார். “இங்கெல்லாம் வெயில் படாது. காற்றும் தூசியும்தான் நுழையும்” என்றார். அடுத்து அவர் கேட்டதை அதுவரை யாரும் எங்களைக் கேட்டதில்லை: வீட்டைச் சுற்றி என்ன முளைத்திருக்கிறது?

பேட்ச் டெஸ்ட் எடுக்கச் சொன்னார். நீ போன முறை சொன்னாயே, ரத்தம் எடுத்து நூறு அயிட்டத்துக்கு அலர்ஜி பார்க்கும் டெஸ்ட், அது இதற்கு உதவாது. அது தும்மல், மூச்சிரைப்பு, உடனே தடிக்கும் தடிப்பு மாதிரி வகைக்கு. இது தொட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து மெதுவாகக் கிளம்பும் ஒவ்வாமை. ரத்தத்தில் தெரியாது, தோலில்தான் தெரியும். சின்னச் சின்னக் கிண்ணி மாதிரி இருக்கும் பட்டியில் ஒவ்வொரு பொருளாக வைத்து முதுகில் ஒட்டுகிறார்கள். நிக்கல், சிமெண்டிலும் தோல் செருப்பிலும் இருக்கும் குரோமியம், தலைச் சாயத்தில் இருப்பது, வாசனைப் பொருள் என்று வரிசையாக. அப்பா பயிரிடும் சாமந்தியிலிருந்து ஓர் இலையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். 48 மணி நேரம் முதுகில் தண்ணீர் படக்கூடாது. அப்பா இதற்குப் பட்ட எரிச்சலை எழுதினால் தனிக் கடிதம் ஆகும். பட்டியை எடுத்தபோது ஒரு கட்டத்தில் சிவப்பு. மறுபடி இரண்டு நாள் கழித்துப் பார்த்தபோது அதே கட்டம் தடித்துப் பொரிப்பொரியாக நின்றது. சாமந்தி இலை வைத்த இடமும் லேசாகச் சிவந்திருந்தது. தடித்த கட்டத்தில் வைத்திருந்தது பார்த்தீனியம்.

அதேதான். ரோட்டோரம், ரயில்வே லைன், காலி மனை எல்லாவற்றிலும் கேரட் இலை போல இலையும் வெள்ளைப் பொடிப் பூவுமாக நிற்குமே, அந்தச் செடி. அமெரிக்கக் கண்டத்துக் களை. 1950களில் புனேயில் முதலில் கண்ணில் பட்டது, அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்பார்கள். ஒரு செடி பல்லாயிரம் விதை போடும். அதைத் தின்ன மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து 1984இல் பெங்களூர்ப் பக்கம் விட்டார்கள். மழைக்காலத்தில் அந்த வண்டு இலையை மொட்டையாக்கிவிடும்; மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு மறுபடி எழுந்துவிடும்.

செடியின் இலையிலும் தண்டிலும் பூனை மயிர் மாதிரி ரோமம். பார்த்தீனின் என்ற ரசாயனம் அதில்தான் அதிகம் இருக்கிறது. காய்ந்ததும் அது ஒடிந்து தூசியோடு பறக்கும். அதனால் செடி செத்தும் விடாது. “இத்தனை வருஷமா இதுக்குள்ளதானே நிக்கிறேன், இப்ப மட்டும் என்ன?” என்று அப்பா டாக்டரிடம் கேட்டார். இப்படித்தான் வருமாம். வருஷக் கணக்காகப் பட்டுப் பட்டு ஒருநாள் உடம்பு அதைப் பகையாகப் பதிந்துகொள்கிறது. பிறகு துளி பட்டாலும் போதும். நடு வயது தாண்டிய, வெளியில் வேலை செய்யும் ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறதாம்.

இனி உன் விஷயம். வீட்டுக்கு மேற்கே நீ வாங்கிப் போட்டிருக்கும் மனை முழுக்க இப்போது இடுப்பளவு பார்த்தீனியம். ஒவ்வொரு மழைக்கும் அப்பா அதில் இறங்கி, கையுறை கிடையாது ஒன்றும் கிடையாது, வெறுங்கையால் பிடுங்கிக்கொண்டிருந்தார். “பையன் இடத்துல பாம்பு அடையக் கூடாது” என்பார். உனக்குத் தெரிந்திருக்காது, அவர் சொல்லவும் மாட்டார். அந்த மனையின் கம்பி வேலியில்தான் அவருடைய துண்டு காய்கிறது. குளித்ததும் அதையே எடுத்து முகம் துடைத்து, கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொள்வார். ஒருநாள் அந்தத் துண்டை வெயிலில் உதறிப் பார்த்தேன், பொடியாகப் பறந்தது. இப்போது துணி எல்லாம் கிழக்குப் பக்க மாடியில் காய்கிறது.

சாமந்தியைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் இழுத்தேன். சாமந்தி, சூரியகாந்தி, துலுக்கச் சாமந்தி எல்லாம் பார்த்தீனியத்தின் குடும்பம். ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் மற்றதும் சீண்டலாம். ஆயுத பூஜைக்குப் பூ அறுக்கும் நேரம் இது. டாக்டர் அறுவடைக்கு இறங்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆள் வைத்து அறுக்கிறோம். அப்பா வரப்பில்கூட நிற்காமல் திண்ணையில் இருந்தே சத்தம் போடுகிறார். அடுத்த போகத்துக்கு ரோஜா போடலாம் என்று உன் மாமா சொல்கிறார், ரோஜா அந்தக் குடும்பம் இல்லை. தக்காளியும் இல்லை. முடிவு அப்பாவுடையது.

மருந்து நடக்கிறது. சர்க்கரை இருப்பதால் ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைந்த நாளைக்குக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்துவிட்டு, அஸதயோபிரின் என்ற மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள். அதற்கு அவ்வப்போது ரத்த அணுவும் ஈரலும் பார்க்க வேண்டும். குளித்த ஈரத்தோடு தேங்காய் எண்ணெய். இமை வீக்கம் வடிந்துவிட்டது. பிடரியும் காய்ந்து வருகிறது. முழுசாகப் போய்விடும் என்று டாக்டர் சொல்லவில்லை. செடியிலிருந்து விலகி இருக்கும்வரை அடங்கியிருக்கும் என்றார். நீ மஸ்கட்டிலிருந்து அனுப்பிய குளோபெட்டசால் க்ரீமை எடுத்து வைத்துவிட்டேன். அது வீரியமான ஸ்டீராய்டு, முகத்தில் போட்டால் தோல் மெலியும், இமையில் போட்டால் கண்ணுக்கே கெடுதல். இனி வாங்காதே.

நீ செய்ய வேண்டியது இது. மனையில் ஜேசிபி விடலாம் என்றால் “அவன் இடம், அவனைக் கேட்காம எப்படி?” என்கிறார் அப்பா. ஐப்பசி மழைக்கு முன்னால், இருக்கும் செடி இன்னும் விதை கொட்டுவதற்குள் வேரோடு எடுத்துவிட வேண்டும். ஆட்களுக்குக் கையுறையும் முகமூடியும் வாங்கி வைத்திருக்கிறேன். அன்றைக்கு அப்பாவை என் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவேன். பிடுங்கியதைக் காயப்போட்டுக் கொளுத்த விடமாட்டேன், குழி வெட்டிப் புதைக்கச் சொல்லியிருக்கிறேன். லிட்டருக்கு 200 கிராம் உப்புக் கரைத்துத் தெளித்தாலும் செடி கருகும், ஆனால் பக்கத்தில் நம் கிணறு இருக்கிறது, அது வேண்டாம். சுத்தமான பிறகு ஆவாரையும் தகரையும் விதைத்துவிடலாம். அவை அடர்ந்து நின்றால் பார்த்தீனியம் தலையெடுக்காது. ஒரு மழையோடு தீருகிற வேலை அல்ல, ஒவ்வொரு வருஷமும் பார்க்க வேண்டும். கூலியை நான் கொடுத்துவிடுகிறேன், கணக்கு அப்புறம் பார்க்கலாம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு போன் பண்ணு. மனையைச் சுத்தம் பண்ண அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்று சொல். இனிமேல் அதில் காலை வைக்கக்கூடாது என்றும், வெளியே போனால் முழுக்கைச் சட்டை போட வேண்டும் என்றும் நீயே சொல். நான் சொன்னால் சிரிக்கிறார்.

அன்புடன்,
அக்கா