தறியடியில் சுழலும் தட்டு

ஜனவரி 6, 2026, செவ்வாய்

கல்லூரிப் பிள்ளைகளுக்கு அரசு தரும் புது லேப்டாப்பின் விவரம் பேப்பரில் வந்திருக்கிறது. 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. பெரியவள் பிளஸ் டூவில் வாங்கிய அரசு லேப்டாப்பில் 500 ஜிபி ஹார்டு டிஸ்க். இடம் பழையதில்தான் அதிகம், வேகம் புதியதில். 2011 செப்டம்பர் 15-ல் இந்தத் திட்டம் முதலில் தொடங்கியதே நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான். பெரியவள் வேலைக்குப் போனதும் அந்தப் பழைய லேப்டாப் தறிக்கணக்குக்கு வந்துவிட்டது. 2017-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு நோட்டுப் புத்தகத்தோடு காலம் தள்ள முடியுமா?

11-ந்தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போட வேண்டும். கணக்கு மென்பொருள் டாலி திறப்பதற்குள் ஒரு டீ ஆறிப்போகிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பிராசஸர் சும்மா கிடக்கிறது, டிஸ்க் மட்டும் 100 சதவீதம். ஆனால் படிப்பது நொடிக்கு 2 எம்பிகூட இல்லை. மூச்சு முட்ட ஓடியும் ஒன்றும் சுமந்து வரவில்லை.

ஜனவரி 7, புதன்

ராத்திரி காகிதத்தில் கணக்குப் போட்டேன். நம் டிஸ்க் நிமிடத்துக்கு 5400 சுற்று, அதாவது நொடிக்கு 90. வேண்டிய இடம் ஊசிமுனைக்கு வந்து சேர சராசரி அரைச் சுற்று, 5.6 மில்லி நொடி. அதற்கு முன் முனை சரியான தடத்துக்கு நகர வேண்டும், அதற்கு ஒரு 12 மில்லி நொடி. தறியில் நாடா எதிர்ப்பெட்டிக்குப் போய்ச் சேராமல் அடுத்த ஊடை விழாது அல்லவா, அதே கதைதான். நொடிக்கு அறுபது இடத்தைத் தொட்டாலே பெரிது. விண்டோஸ் எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச்சின்னத் துண்டுகளைக் கேட்கிறது.

7200 சுற்று டிஸ்க் வாங்கினால்? அரைச் சுற்று 4.2 மில்லி நொடியாகும். மிச்சம் 1.4 மில்லி நொடி. முனை நகரும் நேரம் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கும். இதற்காகவா காசு? எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. எந்த இடமானாலும் 0.1 மில்லி நொடியில் வந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த மேசைக்குப் பின்சுவரை ஒட்டித் தறி ஓடுகிறது. தம்ளரில் தண்ணீர் வைத்தால் வளையம் வளையமாக அலை கிளம்பும். தட்டுக்கு மேலே சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் முனை, இந்த அதிர்வில் தடம் தப்பினால் திரும்பச் சுற்றி வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் 2008-ல் டிஸ்க் அடுக்குக்கு முன்னால் நின்று கத்திக் காட்டினார். கத்தின நொடியில் டிஸ்க்குகள் தாமதமானது திரையில் தெரிந்தது. மனிதன் கத்தினதற்கே அப்படி என்றால், பகலெல்லாம் தறி கத்துகிற ஊரில் ஹார்டு டிஸ்க் இத்தனை வருஷம் தாங்கியதே அதிசயம்.

ஜனவரி 9, வெள்ளி

திருத்தணி கம்ப்யூட்டர் கடை. “அண்ணே, 1 டிபி இருக்குது, 7200 ஸ்பீடு, விலையும் கம்மி” என்று எடுத்து வைத்தார் கடைக்காரர். கழற்றி எடுத்த பழையது. லேப்டாப்புக்கான 7200 சுற்று டிஸ்க்கைச் சீகேட் 2013 கடைசியோடு நிறுத்திவிட்டது. புதிதாகக் கிடைப்பது அபூர்வம். வேண்டாம் என்றேன்.

அடுத்து நொடிக்கு 3500 எம்பி என்று அட்டையில் அச்சடித்த என்விஎம்இ எஸ்எஸ்டி. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. நம் லேப்டாப்பில் இருப்பது சாட்டா வாய். அதன் எல்லையே 600 எம்பி. இந்த என்விஎம்இ அதில் பொருந்தவே பொருந்தாது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் வழி. கம்பெனிக்குக் கம்பெனி 500, 550 என்று போட்டிருக்கும் எண்ணில் நமக்கு வித்தியாசம் தெரியப்போவதில்லை. அதனால் வேகத்தை விட்டுவிட்டு வாரண்டியைக் கேட்டேன். மூன்று வருஷமா, ஐந்தா? எத்தனை டெராபைட் எழுதலாம் என்று எழுதியிருக்கிறதா? பெயரே கேள்விப்படாத மலிவுச் சரக்கைத் தொடவில்லை.

விலை ஏறியிருக்கிறது. ஏஐ தரவு மையங்கள் மெமரியை வாரிக்கொண்டு போகின்றன. மைக்ரான் கம்பெனி, குருஷியல் என்ற பெயரில் கடைச் சில்லறைக்கு விற்பதையே நிறுத்தப்போவதாகப் போன மாதம் அறிவித்தது. அமெரிக்காவில் எடுத்த முடிவுக்குத் தறிக்காரன் திருத்தணியில் காசு எண்ணுகிறான். 500 ஜிபி எண்ணத்தைக் கைவிட்டு 256 வாங்கினேன். நிரம்பியிருப்பது 140-தான்.

ஜனவரி 10, சனி

பழையதிலிருந்து புதியதற்கு அப்படியே நகல் எடுக்கக் குளோனிங். படிப்பது ஹார்டு டிஸ்க் ஆச்சே, மத்தியானம் தாண்டிவிட்டது. புதியது 7 மில்லிமீட்டர் தடிமன், பழையது ஒன்பதரை. ஆடாமல் இருக்கக் கூடவே வந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டி மாட்டினேன். திருப்புளி வேலை பத்து நிமிஷம்கூட இல்லை.

சாயங்காலமே ஜிஎஸ்டிஆர்-1 போட்டாகிவிட்டது. டாலி அழுத்தின கையோடு திறக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

பழைய டிஸ்க்கை யுஎஸ்பி பெட்டியில் போட்டாயிற்று. மாதக் கணக்கு முடிந்ததும் அதில் ஒரு நகல். எஸ்எஸ்டி செத்தால் பல சமயம் முன்னறிவிப்பு இல்லாமல் சாகும். ஹார்டு டிஸ்க்காவது சில சமயம் கடகடவென்று சொல்லிவிட்டுப் போகும். பெட்டி பீரோவில், தறிக்குத் தூரமாக.

போனில் பெரியவள், “அப்பா, ரேமையும் 8 ஆக்கிடுங்க” என்றாள். கடைக்காரரிடம் விலை கேட்டேன். எஸ்எஸ்டியைவிட மோசமாக ஏறிக் கிடக்கிறது. டாலி ஒன்றுக்கு 4 ஜிபி போதும் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.